கொல்லைப்புறத்துப் போர்வீரன்

ஒபினாகு
9 பிப்ரவரி 1993

அண்ணா,

நமக்குள் பேச்சு நின்று எட்டு வருஷம் ஆகிறது. நானாக முதலில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா போய்விட்டாள். போன வியாழக்கிழமை காலையில் மக்காச்சோளக் கஞ்சி குடித்தாள், சர்க்கரை பத்தவில்லை என்று என்னைத் திட்டினாள், சுவரில் சாய்ந்தாள், அவ்வளவுதான். உடம்பு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறது.

இதைக் கொண்டுவருகிற அகுமா உன் கடையில் மோட்டார் சாமான் வாங்குகிறவன். அவனுக்கு உன்னை பீட்டர் என்றுதான் தெரியும். நானும் பீட்டருக்கு என்று சொல்லியே கொடுத்திருக்கிறேன். நீ உயிரோடு இருப்பது தெரிந்த ஆள் இந்த நாட்டில் இப்போது நான் ஒருத்திதான்.

சொந்த ஊரில், உமுஓரியில், பங்காளிகள் கூடி ஏப்ரல் 3 சனிக்கிழமை அடக்கம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் புருஷனுக்குச் சடங்கு முடியாமல் பெண்டாட்டியை இறக்கக் கூடாதாம். அப்பாவுக்கு இன்னும் முடியவில்லையே. அகதியாக ஓடிய வழியில் எங்கோ புதைத்தோம், இடம் தெரியாது என்று அம்மா இத்தனை வருஷமாக ஊரில் சொல்லிவந்தாள். அதனால் எலும்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி ஒரு வாழைக்கட்டையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அப்பா என்று பெயர் சொல்லி, வேட்டுப் போட்டுப் புதைக்கப் போகிறார்கள். மறுநாள் அம்மா.

இன்னொரு சங்கதியும் சேர்ந்து வந்திருக்கிறது. நம் வீட்டில் இருக்கும் போர் அருங்காட்சியகத்துக்கு ஒரு கவச வண்டி வருகிறது. அதை நிறுத்தக் கொல்லைப்புறத்தைச் சமப்படுத்த வேண்டுமாம். ஊபே மரத்தடிக் கல்லறை அங்கே இருக்க முடியாது. எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "உங்க அண்ணன் எலும்ப நீங்களே ஊருக்குக் கொண்டுபோயிடுங்கம்மா. பெட்டி நாங்க தர்றோம், மரியாதையா அனுப்புறோம்" என்றார். நல்ல மனுஷர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கல்லறை எப்படி உன்னுடையதானது என்று அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நான் பார்த்தேன், எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நம் பக்கத்து ராணுவமே நம் வீட்டை எடுத்துக்கொண்டு நம்மைப் பின்னாலிருந்த வேலைக்காரர் அறையில் தள்ளியிருந்தது. அப்பாவின் லாரிகளையும் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா ரத்தக் கொதிப்பில் விழுந்து இறந்தபோது உமுஓரிக்குப் பாதை இல்லை, மரத்தடியிலேயே புதைத்தோம். ஒன்பதாம் நாள் நீ சண்டையிலிருந்து வந்தாய். உன் தலைக்கவசத்தை அப்பாவின் மண் மேல் வைத்தாய், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். மூன்று நாள் கழித்து ஓடிப்போனவனைத் தேடி ராணுவப் போலீஸ் வந்தது. பிடித்திருந்தால் சுட்டிருப்பார்கள். அம்மா அந்த மண்மேட்டைக் காட்டினாள். "வயித்துல குண்டோட வந்தான். செத்துட்டான். இந்தா படுத்திருக்கான், தோண்டிப் பாத்துக்கோ" என்றாள். அந்த அதிகாரி தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுப் போனான்.

போர் முடிந்தபின் அவளால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. நம் தனிநாடு பியாஃப்ராவுக்காகச் சண்டை போடலாம் வாங்கடா என்று உசோமாவையும் இன்னும் இரண்டு பையன்களையும் உமுஓரியிலிருந்து கூட்டிப்போனவன் நீ. அவர்கள் மூன்று பேரும் வரவில்லை. அந்த மூன்று தாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, என் பிள்ளை மட்டும் எல்லை தாண்டி டுவாலாவில் கடை வைத்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வாள்?

பிறகு அரசாங்கம் வீட்டை நமக்குத் திருப்பித் தராமலே அருங்காட்சியகம் ஆக்கியது. அவர்கள் விசாரித்து எழுதிக்கொண்டு ஒரு கல் நட்டார்கள். 'படைவீரர் ஒகெசி எக்புலெம், வயது 19.' அதற்கு அடியில் இருப்பது அறுபது வயதுக் கிழவர், லாரி எக்புலெம்.

நான் கேட்பது ஒன்றுதான். வா. நீ உயிரோடு வந்து நின்றால் அப்பாவுக்கு அவர் பெயர் திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் வாழைக்கட்டைக்கு வேட்டுப் போடுவார்கள். அப்பாவை உன் பெயரில், கல்யாணமாகாமல் செத்த பையனை வைக்கிற மாதிரி, சடங்கு எதுவும் இல்லாமல் வேலியோரம் வைத்து மூடுவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உகோயே


டுவாலா
20 பிப்ரவரி 1993

உகோயே,

அம்மா செய்தியைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். அகுமா எதிரில் நின்று பிரேக் பட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் போகும்வரை நானும் பேரம் பேசினேன். வீட்டில் என் மனைவியிடம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். அவள் எனக்கு மீன் வறுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

நீ கேட்பது சுலபமாகத்தான் இருக்கிறது. வா என்கிறாய். வந்து அம்மாவின் பெட்டிக்கு முன்னால் நின்று, இவள் இருபத்து நாலு வருஷம் உங்களிடம் பொய் சொன்னாள் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அவளால் எழுந்து பதில்கூடச் சொல்ல முடியாது. அதைத்தான் மூத்த மகன் செய்ய வேண்டுமா? மூன்று தாய்களும் அங்கே இருப்பார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். 

அப்பாவைப் பற்றி என்னிடம் நீ பேசாதே. அவர் கட்டிய வீட்டின் வாசலில் சீருடை போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறவள் நீ. வீட்டைத் திருப்பித் தராதவர்களிடமே சம்பளம் வாங்கி, நம் அறைகளை ஊராருக்குச் சுற்றிக் காட்டுகிறாய். அதற்காகத்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன், இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அவரை என் பெயரிலேயே வைத்துவிடு. எந்தப் பெயரில் படுத்திருக்கிறோம் என்று எலும்புக்குத் தெரியாது. வாழைக்கட்டைக்குப் போடுகிற வேட்டு அவர் காதிலும் விழும் என்று வைத்துக்கொள்.

அம்மாவுக்கு ஒரு நல்ல துணி அனுப்புகிறேன். நீலம். அவளுக்கு நீலம் பிடிக்கும்.

ஒகெசி


ஒபினாகு
3 மார்ச் 1993

அண்ணா,

துணி வந்தது. அவளுக்குப் பிடித்தது பச்சை. நீ இருந்த காலத்தில் நீலம் பிடித்திருக்கலாம்.

டிக்கெட் கிழிக்கிறவள்தான். ஏன் அந்த வேலைக்குப் போனேன் தெரியுமா? பணியாளர் குடும்பத்துக்கு டிக்கெட் வேண்டியதில்லை. எட்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அம்மா கையில் ஒரு முக்காலியோடு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் கல்லறைக்கு வருகிறாள் என்று எல்லோரும் வழி விடுவார்கள். குனிந்து அப்பாவிடம் தேங்காய் விலை, உன் கடை, என் முழங்கால் வலி எல்லாம் பேசுவாள். நீ அனுப்பிய பொருள்களை மடியில் வைத்துக் காட்டுவாள். இதற்கு வேறு வழி இருந்தால் நீ அன்றே சொல்லியிருக்கலாம்.

உன் அறையில் கையெறி குண்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். அம்மாவின் சமையலறையில் நம் ஆட்கள் ஆலைக் குழாயை வெட்டிச் செய்த பீரங்கி இருக்கிறது. அவளும் அப்பாவும் படுத்த அறை தந்தி அறை. அதையெல்லாம் தினமும் காட்டுகிறேன். கடைசியில் கூடத்துக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் உன் தலைக்கவசத்தைக் காட்டி, "இதை அணிந்தவர் பத்தொன்பது வயதில் வீரமரணம் அடைந்தார், வீட்டுக்குப் பின்னால் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்" என்று சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொல்வேன். என் அண்ணன் என்பதால் நான் சொல்லும்போது நன்றாக இருக்கிறதாம், மேலாளர் சொல்வார்.

உசோமாவின் அம்மாவும் வருவார். ஒவ்வொரு ஜனவரி பதினைந்தும், போர் முடிந்த நாளில், சொந்தமாக ஒரு துடைப்பம் கொண்டுவந்து அந்த மண்ணைக் கூட்டுவார். "எங்க பையன்கள்ல வீடு வந்து சேந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்பார். கூட்டி முடித்து, கொஞ்சம் கள் ஊற்றி, உசோமாவிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லிவிட்டுப் போவார். ஞாயிறு இல்லாவிட்டாலும் அன்றைக்கு அம்மாவும் முக்காலியோடு வந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் டிக்கெட் அறைக்குள் போய் நிற்பேன்.

போன செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். நான் கூட இருந்தேன். அப்பா அப்படியே இருந்தார், பாய்கூட ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முன்னால் அந்த வெள்ளிப் பல். கறுத்திருந்தது, ஆனால் அதுதான். பெட்டி இப்போது என் வீட்டில், கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் பெட்டியைப் பங்காளிகள் திறந்து பார்க்காமல் வாசலுக்குள் விடமாட்டார்கள். லாரி எக்புலெம் சிரித்தால் வெள்ளிப் பல்தான் முதலில் தெரியும், அது உமுஓரியில் யாருக்குத் தெரியாது?

இதையும் யோசித்துக்கொள். நீ வராவிட்டாலும் அது வெளியே வந்துவிடலாம். அப்போது பொய்க்காரியாக நிற்பது நான்.

உகோயே


டுவாலா
14 மார்ச் 1993

உகோயே,

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வந்தேன். உனக்குத் தெரியாது.

ஓரோன் துறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தேன். தாடி வைத்திருந்தேன், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். வாசலில் வேறொரு பெண் டிக்கெட் கொடுத்தாள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வந்தேன். நீதான் சுற்றிக் காட்டினாய். எனக்கு நான்கடி தூரத்தில் நின்று என் சாவைச் சொன்னாய். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் எனக்கு மௌனம் காத்தேன். உன் குரல் அம்மாவின் குரல் மாதிரியே ஆகிவிட்டது.

அம்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன். பின்பக்கம் போனேன். மரத்தடியில் அம்மா இல்லை, உசோமாவின் அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். அது ஜனவரி பதினைந்து என்று எனக்கு நினைவே இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுப்பா, மண்ண மிதிச்சுட்ட" என்றார். நான் நகர்ந்து நின்றேன். பிறகு வாசல்வரை நடந்தேன், அங்கிருந்து ஓடினேன் என்றே சொல்லலாம். எனக்கு ஓடத்தான் நன்றாக வருகிறது.

அதனால் வரமாட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

உன்னைப் பொய்க்காரியாக நிற்கவிடவும் எனக்கு மனசில்லை. ஒரு வழி இருக்கிறது.  அந்தப் பல்லை எடுத்துவிடு. இத்தனை வருஷம் மண்ணில் இருந்தது, லேசாகத்தான் இருக்கும். ஒரு குறடு போதும். பிறகு எலும்பு எலும்புதான், எவனும் வயசு கண்டுபிடிக்கமாட்டான். பல்லை அம்மாவின் துணி மடிப்பில் வைத்துவிடு. அப்படியாவது இரண்டு பேரும் சேர்ந்திருப்பார்கள்.

ஒகெசி


ஒபினாகு
26 மார்ச் 1993

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவில்லை. என் குரலை நான்கடி தூரத்தில் கேட்டவன் ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் குறடு வாங்கி வந்தேன். கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா லாரியை விட்டு இறங்கும்போது முதலில் என்னைத் தூக்கிக் கொஞ்சுவார், நான் அந்தப் பல்லைத்தான் விரலால் தட்டுவேன். உனக்கு நினைவிருக்காது, நீ பெரியவன். குறட்டை வைத்தேன், அமுக்கவும் அமுக்கினேன். அவர் பெயரைத்தான் எடுத்துக்கொண்டோம், பல்லையும் பிடுங்க வேண்டுமா என்று மனசில் வந்தது. என்னால் முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். குறடு கட்டிலடியில் கிடக்கிறது, வேண்டுமானால் நீ வந்து எடுத்துக்கொள்.

தலையைத் துணியில் நன்றாகச் சுற்றி, நீள எலும்புகளை மேலே அடுக்கியிருக்கிறேன். பெரியவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறேன். கொத்தனார் உன் பெயர் வெட்டிய பலகைக்கல்லைத் தயாராக்கிவிட்டார்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. படகு வாரத்துக்கு மூன்று முறை.

உகோயே


உமுஓரி
5 ஏப்ரல் 1993

அண்ணா,

நீ வரவில்லை. நேற்று மாலைவரை சாலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை விடு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகத்து ஜீப்பில் பெட்டியைக் கொண்டுவந்தோம். முற்றத்தில் வாழைக்கட்டைப் பெட்டி ஏற்கெனவே மாலை போட்டுத் தயாராக இருந்தது. பங்காளிகளில் மூத்தவர் நம் பெட்டியைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார், தொடை எலும்பைத் தொட்டார், "பாவம், சின்னப் பையன், மூடுங்க" என்றார். நான் மூடியை எடுக்கக் குனிந்தேன்.

மூடப் போகும்போது உசோமாவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எனக்கு என் புள்ள எலும்பு கிடைக்கல. இந்தப் புள்ளையோடதையாச்சும் ஒரு தடவ தொட்டுக்கிறேன்" என்றார். யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும். நானே விலகி வழி விட்டேன். எலும்புகளை ஒதுக்கி, தலையைச் சுற்றிய துணியைப் பிரித்து, நெற்றியைத் தடவினார். கை கீழே இறங்கியது. அந்தப் பல்லில் நின்றுவிட்டது.

 என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியை முகத்துக்குப் பழையபடி சுற்றினார். எழுந்து பெரியவரிடம், சத்தம் போடாமல், "அந்த வாழைக்கட்டைய வெளியே எடுத்துப் போடுங்க. எக்புலெம் வீட்டுக்கு வந்துட்டார்" என்றார்.

பெரியவர் மறுபடி குனிந்து பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வாழைக்கட்டையை ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போட்டார்கள். அப்பாவை வீட்டுக்கு நேர் எதிரே, குடும்பத்தலைவருக்கு உரிய இடத்தில் இறக்கினார்கள். ஏழு வேட்டு. நேற்று பக்கத்தில் அம்மா, பச்சைத் துணியில். உன் நீலத்தைக் கீழே விரித்தேன். மூத்த மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை யார் போடுவது என்று எல்லோரும் தயங்கினார்கள். கடைசியில் என்னையே போடச் சொன்னார்கள். உன் பெயர் வெட்டிய கல் சுவரில் சாய்த்தபடி நிற்கிறது. அதை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்கிறார்.

எல்லோரும் போனபிறகு நான் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உசோமாவின் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்போ அவன் இருக்கான்."

"இருக்கான்மா."

"எங்க?"

"டுவாலாவுல."

"புள்ளைங்க?"

"மூணு."

அவர் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எட்டு வருசம் அந்த மண்ணக் கூட்டினேன்டி. உங்க அம்மா முக்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. அவ செஞ்சது எனக்குப் புரியுது. நானா இருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா எனக்கு ஒண்ணு வேணும். உசோமா எங்க விழுந்தான்னு அவனுக்குத் தெரியும். எழுதிக் கேளு. அவன் வர வேணாம், அவன் மூஞ்சி எனக்கு வேணாம். எடத்த மட்டும் சொல்லச் சொல்லு."

நான் கேட்டுவிட்டேன். இனி உன் பாடு.

உகோயே


டுவாலா
17 ஏப்ரல் 1993

உகோயே,

இதை அவருக்குப் படித்துக் காட்டாதே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ரயில் பாதை ஓரம், மரவள்ளித் தோட்டம். ஒரு சின்னக் கல் பாலத்துக்கு இந்தப் பக்கம். மூன்று பனைமரம் ஒட்டி நிற்கும், நடுவில் இருப்பது மட்டும் சாய்ந்திருக்கும். அந்த இரண்டு பையன்களும் காலையிலேயே போய்விட்டார்கள். அவர்கள் விழுந்த இடமும் எனக்குத் தெரியும், நூறடிகூட இருக்காது. மத்தியானம் உசோமாவுக்குத் தொடையில் பட்டது. நான் அவனைச் சாய்ந்த மரத்தடிக்கு இழுத்துப் போனேன். ரத்தம் நிற்கவில்லை. "ஒகெசி, தண்ணி" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. கொண்டுவருகிறேன், அசையாமல் இரு என்றேன்.

கீழே ஓடை இருந்தது. எங்களிடம் பாத்திரம் ஏது? தலைக்கவசத்தைக் கழற்றித்தான் மொண்டேன். நிறைய மொண்டு, கையில் ஏந்திக்கொண்டு திரும்பினேன். மேலே மறுபடி சுட ஆரம்பித்தார்கள். நான் நின்றேன். மேலே ஏறினால் அவனிடம் போகலாம், ஓடையோடு நடந்தால் வீட்டுக்குப் போகலாம். அவன் இன்னொரு தடவை கூப்பிட்டான். என் காதில் நன்றாக விழுந்தது. நான் ஓடையோடு நடந்தேன். ரொம்ப தூரம் தண்ணீரைக் கொட்டாமலே நடந்திருக்கிறேன். எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று எப்போது தோன்றியதோ அப்போதுதான் கொட்டினேன்.

நீ தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற தலைக்கவசம் அதுதான்.

நேற்று என் மனைவியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து என் பெயரைச் சொன்னேன். பெரியவன், "அப்ப பீட்டர் யாரு?" என்று கேட்டான்.

வருகிற சனிக்கிழமைப் படகில் வருகிறேன். என் மூஞ்சி வேண்டாம் என்று அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த இடத்தை எழுத்தில் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான்தான் முன்னால் நடக்க வேண்டும், அவர் எனக்குப் பின்னால் வரட்டும். நான் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன். அந்தத் தண்ணீர்க் கதையை அங்கே வைத்து நானே அவரிடம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் படித்துக் காட்டாதே என்றேன். அங்கே போனபின் அவர் என்னை என்ன செய்தாலும் சரி, இந்தத் தடவை ஓடமாட்டேன்.

கல்லைக் கொத்தனாரிடமே கொடு. என் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அப்பாவின் பெயரை வெட்டட்டும்.

உங்கள் மேலாளரிடம் எனக்காக ஒன்று கேட்டு வை. அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தலைக்கவசத்தை ஒரு நாள் மட்டும் தரச் சொல். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல். பாலத்துக்குக் கீழே ஓடை இன்னும் இருக்கும். நான் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

ஒகெசி எக்புலெம்